கப்பல் அசனம்

1

ரோசம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

செய்தி வந்தபோது நான் வாசலில் நின்று குப்பைத் தொட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்கிற இந்தத் துறைமுக ஊருக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இங்குள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸாக எத்தனையோ பேருக்கு ஊசி போட்டிருக்கிறேன், எத்தனையோ பேரின் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். ஆனால் எந்த வாரம் நீலத் தொட்டி, எந்த வாரம் பழுப்புத் தொட்டி என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எதை வெளியே வைக்கிறாரோ அதையே நானும் வைப்பேன். அன்றைக்கென்று பார்த்து அவர் ஊரில் இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து எஸ்தர் அத்தை வாட்ஸப்பில் கூப்பிட்டார். அத்தை என் அப்பாவின் அக்கா. எண்பத்தெட்டு வயது, ரிட்டையர்டு டீச்சர். வீடியோவில் எப்போதும் அவருடைய நெற்றி மட்டும்தான் தெரியும்.

"ஏட்டி பியூலா, ரோசம்மா போயிட்டா. தூங்குனவ முழிக்கலியாம். மக லூர்து இப்பதான் போன் பண்ணுனா."

"ஐயோ அத்தே!"

"என்ன ஐயோ? தொண்ணூறு வயசு. கொடுத்துவச்சவ. முந்தின நாள்தான் சாமியார் வந்து நற்கருணை குடுத்துட்டுப் போயிருக்காரு." கொஞ்ச நேரம் நெற்றி அசையவில்லை. "சரி, வச்சிருதேன். இங்கன கரண்டு வேற போகப் போவுது."

அத்தை அழுதாரா என்று நெற்றியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அழுதேன். தெருவில் நாயோடு போன ஒரு கிழவர் நின்று, "ஆர் யூ ஆல்ரைட், லவ்?" என்று கேட்கிற அளவுக்கு அழுதேன். இந்த ஊரில் முன்பின் தெரியாதவரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் எனக்குக் காது சிவந்துபோகும். இப்போதெல்லாம் நானே கடைக்காரனை அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

ரோசம்மாள் எனக்கு உறவுமில்லை, எங்கள் சபையுமில்லை. எங்கள் குடும்பத்துக் கப்பல் கதையை அவர் இருந்தவரை எழுத எனக்கு மனம் வரவில்லை. இனி எழுதலாம். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கப்பலின் பெயரை எழுதவே போவதில்லை, யாராவது தேடிப் பார்த்துவிடுவீர்கள்.

2

எங்கள் பெரியப்பா ஆசீர்வாதம் இரண்டாம் உலகப் போரில் கப்பற்படையில் இருந்தவர். அப்பாவுக்கும் எஸ்தர் அத்தைக்கும் மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பஞ்சாலையில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலிலும் அவருக்கு அதே வேலைதான், கரி அள்ளிப் போடுவது. சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஆழ்வார்குறிச்சியில் அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார், அவர் தோட்டத்து வாழைப்பழம் ஒரு சீப்பு கையில் இருக்கும். அதிகம் பேசமாட்டார். எங்களைத் திட்டமாட்டார். வீட்டில் ஓர் ஆள் கூடியிருக்கிறது என்று தெரியாத அளவுக்குத்தான் இருப்பார்.

அவர் போருக்குப் போனபோது அவருடைய அம்மா ஒரு பொருத்தனை செய்தாராம்: மகன் உயிரோடு திரும்பி வந்தால் வருடா வருடம் எங்கள் வாசலில் ஓர் அசனம் போடுவது என்று. நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அசனத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் பண்டிகையில் சபையே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம். அந்தக் குழம்பின் வாசனைக்கு நிகராக உலகத்தில் இன்னொரு வாசனை இல்லை என்று நான் எந்த நாட்டிலும் அடித்துச் சொல்வேன். மகன் திரும்பி வந்தார், அசனமும் தொடங்கியது. பொருத்தனை செய்தவர் காலமான பிறகும் நிற்கவில்லை. எங்கள் தெருவில் அதற்குப் பெயரே கப்பல் அசனம்.

கப்பல் அசனத்தில் முதல் பந்தியின் முதல் இலை கடற்கரைக்காரர்களுக்கு. திசையன்விளைக்கு அப்பால் கடலோரத்து ஊரிலிருந்து ஒரு வயதான அம்மாளும் அவருடைய மகள் ரோசம்மாளும் வருவார்கள். கத்தோலிக்கர்கள், கடல் தொழில் செய்கிற குடும்பம். அந்த அம்மாளின் மகன் சந்தியாகுவும் பெரியப்பாவும் ஒரே நாளில் படையில் சேர்ந்தவர்கள், ஒரே கப்பலில் வேலை பார்த்தவர்கள். சந்தியாகு திரும்பி வரவில்லை.

அவர்களுக்கு இலை போட்டதும் பெரியப்பா எதிரே வந்து நிற்பார். அந்த ஒரு நாள்தான் அவர் வாய் திறந்து நீளமாகப் பேசி நாங்கள் கேட்டது.

"கண்ணிவெடி வெடிச்சதும் கப்பல் ஒருச்சாஞ்சு போச்சும்மா. நானும் சந்தியாகுவும் ஒரே கயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தோம். அவனுக்கு நெஞ்சுல அடி. பயப்படலை. உத்தம மனஸ்தாப மந்திரத்தத் தொடக்கத்துலேருந்து கடைசி வரைக்கும் சொன்னான். ஆமென்னும் சொன்னான். பொறவுதான் கைய விட்டான்."

சொல்லிவிட்டு அந்த மந்திரத்தையும் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வார். கத்தோலிக்கர்கள் பாவத்துக்கு மனம் வருந்திச் சொல்லுகிற ஜெபம் அது. சாகும் நேரத்தில் பக்கத்தில் குருவானவர் இல்லை, பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் இல்லை, எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் இல்லை என்றால் அந்த ஜெபமாவது வாயில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மகனின் ஆத்துமா என்ன பாடு படுகிறதோ என்று பெற்றவள் சாகும்வரை தவிப்பாள். எங்கள் புராட்டஸ்டண்ட் வீட்டில் ஒரு சுரூபம் கிடையாது, ஜெபமாலை கிடையாது. செத்தவரின் ஆத்துமா பாவம் தீரும்வரை வேதனைப்படுகிற உத்தரிக்கிற ஸ்தலம் என்றாலே எஸ்தர் அத்தை, "வேதத்துல எந்த அதிகாரத்துல இருக்கு, காட்டு" என்று சண்டைக்கு வருவார். அப்படிப்பட்ட வீட்டு வாசலில் நின்று பெரியப்பா அதைச் சொல்வார். ஒருமுறை எங்கள் சபை ஐயர், அதாவது போதகர், "என்ன ஆசீர்வாதம், நம்ம வாசல்ல மந்திரமெல்லாம்?" என்று முகம் சுளித்தார். "அவன் சொன்னதச் சொல்லுதேன் ஐயரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியப்பா சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

எங்களுக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு இடம். பெரியப்பா எப்படித் தப்பினார்? கொக்கிரகுளத்தில் ஆற்று வெள்ளத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்திப் பழகினவராம். "தாமிரவருணித் தண்ணியில நீச்சல் படிச்சவன சமுத்திரம் என்னலே செய்யும்?" என்று அப்பா மார்தட்டுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். பெரியப்பா அந்தச் சிரிப்பில் சேர்ந்ததே இல்லை. எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு அடுப்புப் பக்கம் நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்துவிடுவார்.

நான் ஹல் வந்த இரண்டாவது குளிர்காலத்தில் பெரியப்பா இறந்தார். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் பாஸ்போர்ட் கையில் இல்லை, போக முடியவில்லை. சந்தியாகுவின் அம்மாவும் காலமானார். ரோசம்மாள் மட்டும் வந்துகொண்டிருந்தார். கதையைச் சொல்ல ஆள் இல்லாததால் எஸ்தர் அத்தை சொல்வார், மந்திரத்தை விட்டுவிட்டு. அந்த இடத்தை ரோசம்மாள் தானே சொல்லிக்கொள்வார்.

3

போன வருடத்து அசனத்துக்கு முந்தைய கோடையில் அத்தையிடமிருந்து ஒரு போன். நெற்றி துடித்துக்கொண்டிருந்தது.

"ரோசம்மாவுக்கு ஒரு பேரன் இருக்கான்லா, கப்பல் வேலைக்குப் போறவன், அந்தப் பய இன்டர்நெட்ல பாத்தானாம். அந்தக் கப்பல்ல ஒருத்தரும் தப்பலையாம். மொத்தமாப் போயிட்டாம். பாத்தவன் வாய மூடிக்கிட்டு இருக்கலாம்லா? ஆச்சிட்ட போய்ச் சொல்லியிருக்கான். கடல்காரன் முங்கிப் போனானாம், ஆத்துக்காரன் நீந்தி வந்தானாம், நல்லா இருக்கு கதன்னு சிரிச்சானாம்."

"சின்னப் பையன்தானே, விடுங்க அத்தே."

"நீ விடு. அவ விடணும்லா? சாப்பிட மாட்டேங்காளாம். கஞ்சி குடுத்தாலும் ரெண்டு வாய்தானாம். லூர்து அழுதுட்டா போன்ல."

அத்தை ரோசம்மாளிடம் பேசியிருக்கிறார். ஆசீர்வாதம் அண்ணன் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று ரோசம்மாள் சொன்னாராம். உடனே அடுத்த கேள்வி: "ஆனா அவரு அங்கன இல்லன்னா எங்க அண்ணன் பக்கத்துல ஆரு இருந்தா டீச்சரம்மா? அவன் மந்திரம் சொன்னத ஆரு கேட்டா?"

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். தன் அண்ணன் ஜெபம் இல்லாமல், ஆள் இல்லாமல் போகவில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். அதை வைத்துக்கொண்டுதான் அவருடைய அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

அத்தைக்கு வேறு கோபம். "எங்க அண்ணன் பொய்யனா? நாப்பது வருசம் பள்ளிக்கூடத்துல இருந்தவட்டி நான். பொய் சொன்ன பிள்ளய மூஞ்சிய வச்சே கண்டுபிடிச்சிருவேன். நீ வெள்ளக்காரன் ஊர்லதான இருக்க? அவன்ட்ட கணக்கு இல்லாமலா இருக்கும்? எங்க அண்ணன் அந்தக் கப்பல்ல இருந்தான்னு ஒரு தாள் வாங்கு. அசனத்துக்கு வரும்போது கொண்டா. அவட்டயும் சொல்லிட்டேன், அவ கையில குடுப்போம்."

தாள்தானே, வாங்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

4

முதலில் லண்டனுக்கு எழுதினேன். இந்தியக் கப்பற்படை என்றால் டெல்லியைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. டெல்லிக்கு எழுதினேன், போர்க்காலத்துக் கணக்கென்றால் லண்டனைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு பதிலையும் பிரதி எடுத்து இருவருக்கும் அனுப்பிவைத்தேன். பிறகுதான் லண்டனில் ஓர் அம்மாள் தொலைபேசியில் வந்தார். ரொம்ப மரியாதையான குரல்.

"அவருடைய குடும்பப் பெயர்?"

"குடும்பப் பெயர் கிடையாது. ஆசீர்வாதம், அவ்வளவுதான்."

"அது முதல் பெயரா, கடைசிப் பெயரா?"

"ஒரே பெயர்."

"குடும்பப் பெயர் இல்லாமல் எப்படி?"

"எப்படியோ இருந்துவிட்டோம்" என்றேன். அந்த அம்மாளுக்கு நான் விளையாடுகிறேனோ என்று சந்தேகம். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் இந்த ஊருக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் துப்புரவு செய்கிறவர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லாரும் என்னைத் "தங்கராஜ், தங்கராஜ்" என்று கூப்பிட்டார்கள். முதல் வருடம் முழுக்க ஒவ்வொரு தடவையும் அவர் வந்திருக்கிறாரோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் லிடியா உதவிக்கு வந்தாள். இங்கே பிறந்தவள், லீட்ஸில் கம்ப்யூட்டர் வேலை. சின்ன வயதில் ஒரே ஒரு கப்பல் அசனத்துக்கு வந்து, காரம் தாங்காமல் அழுதவள். இப்போது என் போனை எடுப்பதைவிட வாட்ஸப்பில் கட்டைவிரல் படம் அனுப்புவதுதான் அதிகம். கப்பல் என்றதும் என்னவோ ஆர்வம் வந்துவிட்டது. வார இறுதிகளில் வந்து உட்கார்ந்து தேடினாள். ஒரே மேசையில் நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது, அதற்காகவே அந்தக் கப்பலுக்கு நன்றி சொன்னேன். எங்கள் வீட்டில் 'பெரிய கப்பல்' என்று பேசப்பட்டது உண்மையில் பெரிதே இல்லை என்பதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். கடலில் போட்ட கண்ணிவெடிகளை வாரி எடுக்கிற சின்னக் கப்பல். மீன்பிடிக் கப்பலின் சாயலில்தான் கட்டியிருந்தார்களாம்.

ஹல்லில் ஒரு பழைய மீன்பிடிக் கப்பல் காட்சிக்கு நிற்கிறது. லிடியாவோடு போய்ப் பார்த்தேன். இயந்திர அறைக்கு இறங்கும் படி ஏணி மாதிரி செங்குத்தாக இருந்தது. உள்ளே நின்றால் தலை இடித்தது. மேலே போக அந்த ஒரே வழிதான். வெடித்தால் இங்கேயிருந்து யார் கயிற்றைத் தேடிப் போவது?

மழைக்காலம் தொடங்கியபோது உறை வந்தது. இரண்டே தாள்கள். ஒன்றில் கப்பலோடு போனவர்களின் பெயர்கள். சந்தியாகுவின் பெயரைக் குதறி வைத்திருந்தார்கள், ஆனால் ஊரும் தகப்பன் பெயரும் சரியாக இருந்தன. தப்பியவர்கள் யாருமில்லை என்று கீழே ஒரு வரி. இன்னொன்றில் பெரியப்பாவுடைய பணி விவரம். சேர்ந்த நாள், பயிற்சி, அந்தக் கப்பல். அதற்கு அடுத்த வரியில், கப்பல் கடைசியாகப் புறப்படுவதற்கு முந்தைய வாரம், துறைமுக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார் என்று இருந்தது. நோயின் பெயரும் இருந்தது. பொன்னுக்குவீங்கி.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன். அவ்வளவு பெரிய மனிதர், இரண்டு கன்னமும் வீங்கி, தாடையில் துணி கட்டி, கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். அப்புறம்தான் இரண்டு தாளிலும் இருந்த தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். கப்பல் மூழ்கிய அன்றைக்கு அவர் கட்டிலில் இருந்தார். கயிறும் இல்லை, நீச்சலும் இல்லை. சந்தியாகு எப்படிச் செத்தார் என்று அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

"அப்போ பெரிய தாத்தா பொய் சொல்லியிருக்கார்" என்றாள் லிடியா.

"பொய்ங்காத."

"வேற என்ன சொல்றது அம்மா?"

தாள்களை மடித்து உறைக்குள் வைத்தேன். "நீ அந்தப் பாட்டிக்குச் சொல்லணும்" என்றாள். "அவங்க அண்ணன். உண்மை தெரிஞ்சுக்க அவங்களுக்கு உரிமை இருக்கு."

இதைத்தான் இந்த நாடு எனக்கும் கற்றுக்கொடுத்தது. ஊரில் நான் வேலை பார்த்தபோது கெட்ட செய்தியை டாக்டர் வராந்தாவில் வைத்து மூத்த மகனிடம்தான் கிசுகிசுப்பார். நோயாளிக்கு "ஒண்ணுமில்ல, சரியாயிரும்". இங்கே அது குற்றம். கதவைச் சாத்தி, நோயாளிக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து உள்ளதைச் சொல்ல வேண்டும். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதுதான் சரி என்று மனதார நம்பவும் செய்கிறேன். அப்படியிருக்க, ரோசம்மாளிடம் மட்டும் அதைச் சொல்ல எனக்கு ஏன் துணிவு வரவில்லை?

5

அசனத்துக்கு முந்தின நாள் காலையில் பாளையங்கோட்டை வீட்டு அடுக்களையில் அத்தையும் நானும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். அத்தை வேறு யாரையும் பூண்டைத் தொட விடமாட்டார், சமையல்காரர் தோலோடு போட்டுவிடுவார் என்று பயம். இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று தாளை எடுத்து நீட்டினேன். வாயாலும் சொன்னேன்.

அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார். இங்கிலீஷ் டீச்சர் அல்லவா.

"பொன்னுக்குவீங்கியா?" என்றார்.

"ஆமா அத்தே."

"அப்பம் அத்தன வருசமும் நம்ம வாசல்ல நின்னு, ஆண்டவரு பேரச் சொல்லிச் சோத்தப் போட்டுட்டு, பொய்யா சொன்னான்?" குரல் கிடுகிடுவென்று ஏறியது. "நானும் சொல்லியிருக்கனே! அவன நம்பி, அவன் போன பொறவு நானும் வருசா வருசம் சொல்லியிருக்கனே!"

அத்தையைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று விளங்கும். வசூலுக்கு யாராவது வந்தால், "வீட்டில் ஆள் இல்லை" என்று சொல்லச் சொல்கிற வழக்கம்கூட அவரிடம் கிடையாது. "இருக்கேன், ஆனா தரமாட்டேன்" என்று வெளியே வந்து சொல்கிறவர். தாளைப் பலகையில் போட்டுவிட்டுப் பூண்டை நசுக்கி நசுக்கி உரித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கை நின்றது.

"அவன் பட்டாளத்துலேருந்து வந்த புதுசு. எனக்குப் பத்து வயசு இருக்கும். வந்ததும் மொத வேலையா கடற்கரைக்கு, சந்தியாகு வீட்டுக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வந்தவன் சோறு வேண்டாம்னுட்டான். எங்கம்மா கேட்டதுக்கு, 'அந்தம்மா சாப்பிட மாட்டேங்காம்மா. எப்படிச் செத்தான்னே கேக்கல. பக்கத்துல சாமியார் இருந்தாரான்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கா. நான் வாயே தொறக்கல, எந்திரிச்சு வந்துட்டேன்'னான்."

"அப்புறம்?"

"அப்புறம்தான் அந்தக் கூத்து. சாயங்காலம் ஆனா கத்தோலிக்கக் கோயில் பக்கம் போவான். அங்கன ஜெபம் சொல்லிக்குடுக்கிற உபதேசியாரோட உக்காந்திருக்கான்னு ஆரோ எங்கப்பாட்ட சொல்லிட்டாங்க. அப்பா பெல்ட்டக் கழட்டிட்டாரு. 'ஜெபமால போடப் போறியாலே'ன்னு வாசல்ல வச்சே ரெண்டு வச்சாரு. 'மதம் மாறலப்பா, ஒண்ணு மனப்பாடம் பண்ணுதேன்'னு அடியையும் வாங்கிக்கிட்டு அதத்தான் சொன்னான். என்னன்னு சொல்லல. கிணத்தடில குளிக்கும்போது முணுமுணுன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். நான் ஏதோ பாட்டுன்னு நெனச்சேன்." அத்தை என்னைப் பார்த்தார். "பொறவு ரெண்டாவது வாட்டி கடற்கரைக்குப் போனான். அந்தம்மா அன்னைக்குச் சாப்பிட்டான்னு வந்து சொன்னான்."

ஒரு பொய்யைச் சொல்வதற்காக அந்த மனிதர் அடி வாங்கிக்கொண்டு பாடம் படித்திருக்கிறார்.

"நமக்கு உத்தரிக்கிற ஸ்தலமே கிடையாது" என்றார் அத்தை, தனக்குத்தானே. "அது அவனுக்கும் தெரியும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடனே பழைய அத்தை ஆகிவிட்டார்.

"இருந்தாலும் பொய் பொய்தான். அவன் என்னத்துக்குச் சொன்னானோ, ஆண்டவருகிட்ட அவன் பதில் சொல்லிக்கிடுவான். ரோசம்மா கேட்டா நீ உள்ளதச் சொல்லு. பைய, பதமாச் சொல்லு. ஆனா உள்ளதச் சொல்லு. என் வாசல்ல இனி ஒரு பொய் வேண்டாம்."

சரி என்றேன். மகள் சொன்னதும் அத்தை சொன்னதும் ஒன்றாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பேசுவதற்கு வார்த்தைகளை அடுக்கிவைத்துக்கொள்வது போல அன்று முழுக்க மனதுக்குள் அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

6

மறுநாள் மதியம் லூர்து ஒரு காரில் அம்மாவைக் கூட்டிவந்தார். லூர்துவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். தூத்துக்குடியில் துறைமுக ஆபீஸ் வேலை. கார்க் கதவைத் திறந்து பார்த்தேன். ரோசம்மாள் பாதியாகியிருந்தார். ரவிக்கைக் கைக்குள் ஒரு குச்சி போலக் கை. தரையில் உட்கார முடியாது என்பதால் பந்தலுக்குள் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு, முதல் இலையை அங்கேதான் விரித்தோம். ஐயர் ஜெபம் பண்ணினார். சோறு விழுந்தது, குழம்புக்காரர் வாளியோடு வந்தார். ரோசம்மாள் வேண்டாம் என்று இலைக்கு மேலே கையை விரித்துக்கொண்டார்.

"யம்மா, தாள் கொண்டாந்தியா?"

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். "கொண்டுவந்திருக்கேன்."

"எங்க அண்ணன் பேரு இருக்கா அதுல?"

முதல் தாளைக் காட்டினேன். "இதுதான்" என்றதும் அந்த இங்கிலீஷ் எழுத்துக்களின் மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. பின்னால் பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள்.

"ஆசீர்வாதம் அண்ணன் பேரு?"

"அதுவும் இருக்கு. அடுத்த தாள்ல."

"அவரு அன்னைக்குக் கப்பல்ல இருந்தாருன்னு போட்டிருக்கா? எங்க அண்ணன் பக்கத்துல இருந்தாருன்னு?"

கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்த்தேன். அடுக்கிவைத்த வார்த்தைகள் எல்லாம் இங்கிலீஷில் வந்து நின்றன. ஒன்றுகூடத் தமிழாக மாட்டேன் என்றது. "அம்மா..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து தாளை வெடுக்கென்று பிடுங்கியது.

"குடுட்டி. கண்ணாடி இல்லாம உனக்கு என்னத்த தெரியப் போவுது?"

எனக்குக் கண்ணாடி கிடையாது. எஸ்தர் அத்தை தன்னுடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, தாளை முகத்துக்கு நேரே பிடித்தார். இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்கிறவர்கள் நிறுத்தி நிறுத்தி வாசிப்பது போல வாசித்தார்.

"கப்பல் ஒருபக்கம் சாய்ந்தது. சந்தியாகுவும் ஆசீர்வாதமும் ஒரே கயிற்றைப் பிடித்திருந்தார்கள். கடைசி வரைக்கும் ஆசீர்வாதம் பக்கத்தில் இருந்தார்."

ரோசம்மாள் அத்தையை நிமிர்ந்து பார்த்தார். "மந்திரம் சொன்னது? வெள்ளக்காரன் அதெல்லாம் எழுதுவானா டீச்சரம்மா?"

அத்தை தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறும் வெள்ளை. நான் பார்த்தேன். அத்தையின் தோளுக்குப் பக்கத்தில் நின்ற லூர்துவும் பார்த்தார், தினமும் இங்கிலீஷ் தாள்களோடு கிடக்கிறவர். அவருடைய கண் முதலில் தாளிலும், பிறகு அத்தையின் முகத்திலும் போய் நின்றது.

"எழுதியிருக்கான்" என்றார் அத்தை. "இங்கன தனியா எழுதியிருக்கான். 'சந்தியாகு பயப்படவில்லை. உத்தம மனஸ்தாப மந்திரத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் சொன்னார். ஆமென் சொன்னார்.' அப்படித்தான் போட்டிருக்கு."

அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். அத்தை கண்ணாடியைக் கழற்றினார். வெள்ளைத் தாளை மார்போடு வைத்துக்கொண்டு, வேதத்தில் எங்கே இருக்கிறது காட்டு என்று வாழ்நாளெல்லாம் சண்டை போட்ட என் அத்தை, அந்த மந்திரத்தை முதல் வார்த்தையிலிருந்து சொல்லத் தொடங்கினார். வருடா வருடம் வாசலில் கேட்டே மனதில் தங்கியிருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தடுக்கி நின்றார். லூர்து மெல்ல அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுத்தார். இருவரும் சேர்ந்து முடித்தார்கள்.

ரோசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு இலையைப் பார்த்தார்.

"பசிக்கி, டீச்சரம்மா" என்றார். "கொழம்பு ஊத்தச் சொல்லுங்க."

அத்தை யாரையும் கூப்பிடவில்லை. தாளை என் மடியில் போட்டுவிட்டு, குழம்புக்காரர் கையிலிருந்த கரண்டியைத் தானே வாங்கி ஊற்றினார்.